இரண்டாயிரத்து அறுநூறு மணி நேரம்

டஸ்டின் க்ரீக், வயோமிங்
1997 ஜனவரி 12

அக்கா,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

கென்டக்கியின் மறு கோடியில் இரண்டு வருடம் வெல்டிங் வாத்தியாராக இருந்தேன். அங்கே என் கையைப் பார்த்து உரிமம் கொடுத்தார்கள். இரண்டு தகடுகளை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினதை வளைத்துப் பார்த்தார்கள், விரிசல் விடவில்லை, முடிந்தது. கல்யாணம் ஆகி ட்ரீனாவின் ஊருக்கு வந்த பிறகு அந்த உரிமம் செல்லாதாம். உரிமப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க கென்டக்கி உரிமம் பார்க்க அழகா இருக்கு தம்பி. கண்ணாடி போட்டு மாட்டுங்க. இங்க ஆறாயிரம் மணி நேரம் தொழில் பார்த்ததுக்கு முதலாளி கையெழுத்து வேணும்."

"ரெண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கேனே?"

"பாடம் நடத்துறது தொழில் இல்ல."

"தொழில் தெரியாமலா நடத்தினேன்?"

"அது உங்க மாநிலத்துக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. அடுத்தவங்க வாங்க."

கணக்கு இது. நார்ஃபோக் கப்பல் பட்டறையில் 3,400 மணி நேரம். அவர்கள் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பாக்கி 2,600. அது நம் பட்டறையில் 1990 ஜூனிலிருந்து 91 அக்டோபர் வரை நான் பார்த்த வேலை. அப்பா போன பிறகு பட்டறை உன் பேரில் இருப்பதால் கையெழுத்தும் நீதான் போட வேண்டும், நோட்டரி முன்னால். படிவம் இத்துடன் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

இங்கே பள்ளியில் வெல்டிங் பாடம் நடத்த எனக்குக் கொடுத்திருக்கும் தற்காலிக உரிமம் ஜூன் 30-ஆம் தேதி காலாவதி ஆகிறது. அதற்குள் இது போகாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இந்த ஊரில் வேறு வெல்டிங் வேலையும் இல்லை, மாடும் காற்றும்தான்.

எல்டன்


பைன் ஃபோர்க், கென்டக்கி
ஜனவரி 28

டேய் எல்டன்,

இங்கே ஒன்பது நாளாகப் பனி. பட்டறைக் கதவு உறைந்துபோய் காலையில் வெந்நீர் ஊற்றித்தான் திறக்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதையும் நீ கேட்கவில்லை.

படிவம் வந்தது. பார்த்தேன். கையெழுத்துப் போட முடியாது.

அந்த நாட்களுக்கு என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. நீ வீட்டுப் பிள்ளை, வந்தாய், போனாய். யார் மணி பார்த்து எழுதினார்கள்? வேறு வழி பார். நீதான் புத்திசாலி ஆயிற்றே, வயோமிங்கில் வழியா இல்லை? இன்னும் ஒரு வருடம் கப்பல் பட்டறைக்குப் போய் மிச்ச மணியை முடித்துவிட்டு வா.

நேற்று மளிகைக் கடையில் பெர்னிஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் லாய்டு போய் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அவருடைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார். உன்னை விசாரித்தார். "உன் தம்பி எங்க? சாவுக்குக்கூட வரலையே" என்றார். பீன்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நோரீன்


டஸ்டின் க்ரீக்
பிப்ரவரி 9

அக்கா,

சாவுக்கு நான் வரவில்லையா? நம் பட்டறையில் விபத்து நடந்த மறுநாள் காலையில் என் பையைக் கட்டி பஸ்ஸில் ஏற்றியது யார்? "நார்ஃபோக்ல மாமா இருக்காரு, போ, நான் கூப்பிடறவரைக்கும் வராதே" என்று சொன்னது யார்? எனக்கு அன்றைக்கு இருபது வயது. நீ சொன்னதைக் கேட்டேன். இப்போது ஊரெல்லாம் எனக்கு நன்றி கெட்டவன் என்று பெயர், நீயும் சேர்ந்து தலையாட்டுகிறாய்.

காகிதம் இல்லை என்கிறாய். படிவம் காகிதம் கேட்கவே இல்லை. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இவர் என்னிடம் வேலை பார்த்தார்" என்று ஒரு வரி. அது உண்மை. உண்மைக்குக் கையெழுத்துப் போட என்ன கஷ்டம்? நான் ஊரை விட்டுப் போனதற்குப் பழி வாங்குகிறாய், வேறொன்றும் இல்லை.

இங்கே பள்ளிக் கண்காணிப்பாளர் ஹாகன் நல்ல மனிதர்தான். ஆனாலும் ஏப்ரலில் என் இடத்துக்கு விளம்பரம் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

உரிமப் பிரிவில் மறுபடி கேட்டேன். முதலாளி கையெழுத்துப் போடாவிட்டால், நான் அங்கே வேலை பார்த்ததை நேரில் பார்த்த வேறு யாராவது சாட்சிக் கடிதம் கொடுத்தாலும் போதுமாம். பெர்னிஸ் அக்கா தினமும் மத்தியானம் லாய்டு அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவருவார். ஒன்றரை வருடம் என்னைத் தினமும் பட்டறையில் பார்த்தவர். உனக்கு மனம் இல்லாவிட்டால் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். மாத முடிவு வரை பொறுப்பேன்.

எல்டன்


பைன் ஃபோர்க்
பிப்ரவரி 17

எல்டன்,

பெர்னிஸ் அக்காவுக்கு எழுதாதே. எழுதியிருந்தால் உடனே எனக்குச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போடு.

நீ போன நாலாம் நாள் மாநிலத்திலிருந்து விபத்து விசாரிக்கிற ஆள் வந்தான். சின்னப் பையன் மாதிரி இருந்தான், கையில் அட்டை. "அன்னிக்குப் பட்டறையில யாரெல்லாம் வேலை பார்த்தாங்க?" என்று கேட்டான். லாய்டு மட்டும்தான் என்றேன். "உங்க தம்பி இருந்ததா யாரோ சொன்னாங்களே?" என்றான். அவன் படிக்கிறவன், சும்மா வந்து போவான், பட்டறையில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை என்றேன். சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டேன்.

அவன் அறிக்கை எழுதினான். பெட்ரோல் இருந்த டேங்கை லாய்டு சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைத்தார், அதனால் வெடித்தது, தப்பு அவருடையதுதான் என்று. ஊரில் அதற்குக் காது மூக்கு வைத்து, அன்றைக்கு அவர் குடித்திருந்தார் என்றும் பேசினார்கள். லாய்டு குடிக்கவே மாட்டார், உனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை.

இப்போது புரிகிறதா? உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்குப் போட்டது பொய்க் கையெழுத்து என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

உனக்காகத்தான் செய்தேன். அந்த டேங்கைக் கழுவும் வேலை உன்னுடையது. அதன் மேல் சாக்பீஸ் அடையாளம் போட்டவன் நீ.

நோரீன்


டஸ்டின் க்ரீக்
மார்ச் 2

அக்கா,

கடிதத்தை எரிக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

நம் பட்டறை வழக்கம்: பெட்ரோல் டேங்க் வந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவ வேண்டும். பிறகு பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டி, டேங்குக்குள் விட்டு, வண்டியை முக்கால் மணி நேரம் ஓட விட வேண்டும். புகை உள்ளே நிறைந்தால் பெட்ரோல் ஆவியும் காற்றும் வெளியே போய்விடும், தீப்பிடிக்காது. அதற்குப் பிறகுதான் டேங்கின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி. குறி இருந்தால் வெல்டிங் வைக்கலாம். அப்பா சொன்ன இதை வேதமாக எடுத்துக்கொண்டோம். இப்போது நான் இங்கே பிள்ளைகளுக்கு, டேங்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பு, வண்டிப் புகையை நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்குக் கழுவினேன். மூன்று தடவை. பத்து நாற்பதுக்கு வண்டியை ஓட விட்டேன். நான் வெல்டிங் ராடு வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. வந்து குறி போட நேரமாகும் என்று போகும் முன்னாலேயே போட்டுவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் எப்படியும் ஆகிவிடும் என்ற நினைப்பு. இது என் தப்பு. பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

வெடித்தது பதினொன்று ஐம்பதுக்கு. அதாவது எழுபது நிமிடம் கழித்து. எழுபது நிமிடம் வண்டி ஓடியிருந்தால் அந்த அளவு டேங்க் வெடித்திருக்காது. வண்டி நடுவிலேயே நின்றிருக்க வேண்டும், அதுவும் சீக்கிரமே. இத்தனை வருடமாக வண்டி பழசு, தானாக நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வாரம்தான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். காலையில் பெட்ரோல் போட்டேன். அது நிற்க வேண்டிய வண்டி இல்லை.

வண்டி எப்படி நின்றது? பட்டறையில் லாய்டு அண்ணனைத் தவிர இருந்தது நீ மட்டும்தான்.

எல்டன்


பைன் ஃபோர்க்
மார்ச் 14

எல்டன்,

நான்தான் அணைத்தேன்.

ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே வண்டியை விட்டிருந்தாய். ஹோஸ் இடுக்கில் புகை கசிந்து உள்ளே வந்தது. நான் போனில் ஒரு ஆளிடம் இரும்புக் கேட்டின் அளவு கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன், இருமல் தாங்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். டேங்கின் மேல் குறி இருந்தது. வேலை முடிந்துவிட்டது, வழக்கம்போல் வண்டியை அணைக்காமல் போய்விட்டாய் என்று உன்னைத் திட்டிக்கொண்டே சாவியைத் திருகினேன். பத்து நிமிடம்கூட ஓடியிருக்காது.

உனக்காகச் செய்தேன் என்று எழுதினேன். பாதிதான் உண்மை. உன்னை உட்கார வைத்து விசாரித்திருந்தால், குறி போட்டுவிட்டு வண்டியை ஓட விட்டேன் என்று நீ சொல்லியிருப்பாய். அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோட்டரி முத்திரையும் இருக்கிறது. 1990 ஜூன் 4 முதல் 1991 அக்டோபர் 17 வரை. அந்தக் கடைசி நாளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். நோட்டரிக்காரன், "என்ன நோரீன், சொத்தையா எழுதிக் குடுக்கறே?" என்று கிண்டல் பண்ணினான்.

இதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்.

நோரீன்


டஸ்டின் க்ரீக்
ஏப்ரல் 6

அக்கா,

படிவம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உரிமப் பிரிவுக்குப் போன் பண்ணினேன். பேர் சொல்லாமல், அனுப்பிய படிவத்தை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மாவுக்கு என் குரல் மனப்பாடம்.

"கென்டக்கி தம்பியா? நான் பார்ப்பேன். முத்திரை குத்துவேன். அலமாரியில வைப்பேன். நான் ரிட்டயர் ஆனப்புறம் எலி பார்க்கும்."

ஆக யாருக்கும் தெரியாது. வயோமிங் அலமாரியில் இருக்கும் காகிதத்தைக் கென்டக்கியில் இருந்து வந்து எவனும் புரட்டப்போவதில்லை. அனுப்பினால் எனக்கு உரிமம், உனக்கு ஆபத்து இல்லை. எல்லாம் சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

படிவத்தை இன்று அனுப்பிவிட்டேன். மறைக்கவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உரிமம் எனக்கு வேண்டும். ஆனால் அந்த மணிக்கணக்கு இங்கே மட்டும் உண்மை, அங்கே பொய் என்று இருக்க முடியாது. நீ பெர்னிஸ் அக்காவிடம் போய்ச் சொல். ஜூன் வரை நேரம் தருகிறேன். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல்தான்.

எல்டன்


பைன் ஃபோர்க்
மே 25

எல்டன்,

ஏழு வாரம் ஆனது எனக்கு. இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரை போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை அவரே திரையை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன நோரீன், மூணு நாளா ரோட்டை அளக்கறே? உள்ளே வா."

உட்கார்ந்தேன். காபி ஊற்றினார். எல்லாவற்றையும் சொன்னேன். குறி, வண்டி, சாவி, அந்த விசாரணைப் பையன், என் சத்தியம். நான் முடித்ததும், அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

"அஞ்சு வருஷமா அந்த ஆளைத் திட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?" என்றார். "கல்லறைக்குப் போறப்பெல்லாம் திட்டுவேன். முப்பது வருஷம் வெல்டிங் பண்ணின மனுஷனுக்கு டேங்க் கழுவத் தெரியாதா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே முட்டாளேன்னு. கல்லுல பேர்கூட வெட்டலை. கோபம் தீரட்டும்னு வெச்சிருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் இப்பக் கேக்காதே. எனக்கு அதுக்கு இடமில்ல. அந்தக் கோபத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னே தெரியல."

அறிக்கையைத் திருத்த வேண்டும் என்கிறார். அதில் லாய்டு தப்பு செய்தார் என்று இருக்கக் கூடாது. நான் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலை எட்டாம் தேதி விசாரணை, உன்னையும் கூப்பிடுவார்கள். வக்கீல் என் கையெழுத்துக்குத் தண்டனை உண்டு என்கிறார், எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. பட்டறையை மூடிவிட்டேன். விற்பனை அட்டை தொங்குகிறது.

புறப்படும்போது பெர்னிஸ் அக்கா ஒன்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது. "எங்க ஆளு ஒவ்வொண்ணுத்தையும் பத்து தடவை பார்க்கிறவர் ஆச்சே. சாக்பீஸை மட்டும் பார்த்துட்டா பத்த வெச்சாரு? யாரையும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

நோரீன்


டஸ்டின் க்ரீக்
ஜூன் 12

அக்கா,

உரிமம் நேற்று வந்தது. ஐந்து வருடத்துக்கு. என் பெயருக்குக் கீழே "உலோக இணைப்புத் தொழில், முழுத் தகுதி" என்று அச்சடித்திருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு ஹாகனிடம் போனேன். விசாரணையையும் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எல்டன், நீ இப்பச் சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். உரிமம் வந்துடுச்சு. விளம்பரத்தை நிறுத்திடறேன். போய்ப் பாடத்தைப் பாரு."

"விழுந்துச்சு சார்."

"விடமாட்டியா நீ?"

"மாட்டேன் சார்."

அப்படியானால் பள்ளி வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும், விசாரணை இருப்பதால் ஆகஸ்டில் உன்னை வகுப்பில் நிற்க விடமாட்டார்கள் என்றார். சரி என்றேன். ட்ரீனாவிடமும் சொன்னேன். "எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள். சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டும் இல்லை.

அதை இப்போது எழுதுகிறேன். உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இது இல்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு, கார்புரேட்டர் என்று எதையாவது எழுதி இதைத் தாண்டிப் போனேன்.

லாய்டு அண்ணன் குறியை மட்டும் பார்த்துவிட்டுப் பற்ற வைக்கவில்லை. நான் ராடு வாங்கக் கிளம்பும்போது அவர் டேங்குக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாக்பீஸ் போட்டுட்டே. வண்டி இன்னும் ஓடுதே. ஆச்சா இல்லையா?"

நான் காரில் ஏறிவிட்டேன். திரும்பி இறங்கச் சோம்பல். கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்.

"ஆச்சுண்ணே. வண்டியை யாராவது அணைச்சுடுங்க."

வண்டியை அணைக்கச் சொன்னது நான். அது தானாக நின்றது என்று நினைத்ததாக உனக்கு எழுதியது பொய். நீ அதைக் கேட்டாயா, இருமலுக்குத்தான் வெளியே வந்தாயா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், இத்தனை நாளும் அதை நீ எங்கேயும் எழுதவில்லை.

பெர்னிஸ் அக்காவுக்கு இதை நீ சொல்ல வேண்டாம். ஜூலை ஆறாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். நேராக அவர் வீட்டுக்குத்தான் போவேன். அவர் கேட்டார், நான் ஆச்சு என்று சொன்னேன், அதற்குப் பிறகுதான் பற்ற வைத்தார் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். உள்ளே கூப்பிட்டால் உட்காருவேன்.

எல்டன்